இருட்டு விற்றவர்

என்னைப் பார்த்தால் மற்றவர்களுக்கு என் முகம் தெரியும். எதிர்வீட்டு மாமாவுக்கு என் செல்கள் தெரியும். கைபேசியைச் சொல்லவில்லை, உடம்புக்குள் கோடிக்கணக்கில் இருக்கிறதே, அந்தச் செல்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாயா, சௌக்கியமா என்று கேட்கிற வயசுதான் அவருக்கு. ஆனால் அவர் கேட்பது, "நேத்திக்கு எத்தனை மணி நேரம் இருட்டுல இருந்தே?"

பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். நான் அப்போது நவி மும்பை ஐரோலியில் ஒரு ஆபீசில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காக்காரர்களுக்கு இன்சூரன்ஸில் சந்தேகம் வந்தால் அது நம் ஊர் தூங்குகிற நேரமாகத்தான் பார்த்து வரும். மேலே ட்யூப்லைட், எதிரே கம்ப்யூட்டர், பக்கத்தில் காபி மெஷினின் நீல விளக்கு. "வெளிச்சத்துலேயே குளிச்சேன் மாமா" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். துக்கம் விசாரிக்க வந்தவர் கூட அப்படி நிற்க மாட்டார்.

செம்பூரில் எங்கள் கட்டடம் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நாங்கள் தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு அங்கே தோல் பை தைக்கிற பட்டறை. கல்யாணமாகி செம்பூருக்கு வாடகைக்கு வந்தபோது எதிர்வீட்டில் இவர்கள் இருந்தார்கள். பாலக்காட்டுக் குடும்பம். பிள்ளை கனடாவில். மராத்திக்காரர், குஜராத்திக்காரர் என்று கட்டடத்தில் அத்தனை பேரும் அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மாமா தலை மறைந்ததும் பிள்ளைகள் சொல்கிற பெயர் அந்தேரா அங்கிள். இந்தியில் அந்தேரா என்றால் இருட்டு.

முதல் தடவை அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன் பண்ணிய சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் கறுப்புத் தோல் பை. எதிர்வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு யாராவது ஷூ போட்டுக்கொண்டு வருவார்களா? "ரெண்டே நிமிஷம்" என்றார். உட்காருங்க என்று நான் சொல்கிறவரை நின்றார். ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், அவர் விற்க வந்தது இருட்டை.

ஆயுசு முழுக்க அவர் மெடிக்கல் ரெப்பாக இருந்தவர். மாட்டுங்காவில் ஆரம்பித்து முலுண்ட், தாணா வரைக்கும் அவர் காத்திருக்காத கிளினிக் கிடையாது. அந்த வேலையின் சூத்திரத்தை அவரே சொல்வார். "டாக்டர் தலையை நிமிர்த்தி மறுபடி குனியறதுக்குள்ள மூணு பாயிண்ட் சொல்லிடணும். நாலாவது பாயிண்ட் சொல்றவன் அடுத்த மாசம் வேலையில இருக்க மாட்டான்." ரிட்டையர் ஆன பிறகும் வாய்க்கு மூன்று பாயிண்ட் பழக்கம் போகவில்லை. என்னிடமும் விரலை மடக்கி மூன்று சொன்னார்.

"ஒண்ணு. மண்டைக்குள்ள நடுமத்தியில குட்டியா ஒரு சுரப்பி. இருட்டினா அது மெலடோனின்னு ஒண்ணைச் சுரக்கும். வெளிச்சம் பட்டா நிறுத்திடும். ரெண்டு. நாள் பூரா உழைச்சு உழைச்சு செல்லுக்குள்ள துரு மாதிரி ஒண்ணு சேரும். அதைத் துடைக்கறது இதாக்கும். துடைக்காட்டா செல் சீக்கிரம் கிழடாகும். மூளை, இதயம், ஒண்ணும் பாக்கியில்லை, எல்லாத்துலயும் கேடு வரும். மூணு. வயசாக ஆக இது சுரக்கறதே கொறைஞ்சுண்டு வரும். இருக்கற கொஞ்சத்தையும் நீ ட்யூப்லைட் போட்டு விரட்டறே."

"சரி மாமா. எந்தக் கம்பெனி மாத்திரை?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இந்த வாயால எத்தனையோ மாத்திரை வித்தாச்சு. இதுக்கு மாத்திரை சொல்ல மாட்டேன். பகவான் உள்ளேயே ஃபேக்டரி வெச்சுக் குடுத்திருக்கான். கரண்டை ஆஃப் பண்ணினா ஓடற ஒரே ஃபேக்டரி அதாக்கும்."

"சைடு எஃபெக்ட் ஒண்ணும் இல்லியா?"

"இருட்டுக்கு என்ன சைடு எஃபெக்ட்? தடுக்கி விழுந்தா முட்டி பேரும். அவ்வளவுதான்."

போகும்போது பையைத் திறந்து ஒரு சின்ன காகிதப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே நாலைந்து பிஸ்தா. பிஸ்தாவிலும் கொஞ்சம் மெலடோனின் இருக்கிறதாம். "சாம்பிள்" என்றார். கட்டடத்து வாட்ச்மேன், காய்கறி வண்டிக்காரர், பேப்பர் போடுகிறவர் எல்லோரும் அவரிடம் சாம்பிள் வாங்கியவர்கள்தான். வாட்ச்மேனுக்கு மட்டும் சாம்பிளைக் கொடுத்துவிட்டு அவர் ரொம்ப சங்கடப்படுவார். ராத்திரி முழுக்க விளக்கடியில் உட்கார வேண்டிய மனிதரிடம் இருட்டின் பெருமையை எப்படிச் சொல்வது என்று.

என்னை அவர் கைவிட முடியாத கேஸாக எடுத்துக்கொண்டார். ராத்திரி தூக்கம் போச்சு, பகலையாவது ராத்திரியாக்கித் தருகிறேன் என்று ஒரு நாள் கையில் ஒரு கட்டு பழைய எக்ஸ்ரே ஃபிலிமோடு வந்தார். அவர்கள் வீட்டில் எக்ஸ்ரேவுக்குப் பஞ்சமில்லை. படுக்கையறை ஜன்னல் கண்ணாடி முழுக்க இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிட்டார். நிஜமாகவே இருட்டாகத்தான் இருந்தது, நன்றாகவும் தூங்கினேன். ஆனால் எழுந்து கண்ணை விழித்தால் மாமியின் இரண்டு முழங்காலும் மாமாவின் விலா எலும்பும் மெல்ல வெளுத்துக்கொண்டு எதிரே தொங்கும். பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருட்டி இது?"

"மாமா."

"மாமா சரி. மேல கையி மாதிரி ஒண்ணு தொங்குதே, அது யாரு?"

அது கனடாவில் இருக்கிற பிள்ளை சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடித்துக்கொண்ட கை. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஜன்னல் வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. தோள் வலிக்கிறது என்று ஒரு அம்மாள் மாடியேறி வந்து, எலும்பு டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார் என்று என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. அந்த அம்மாளை உட்காரவைத்து மூன்று பாயிண்டும் சொல்லி சாம்பிளும் கொடுத்து அனுப்பினார்.

இதெல்லாம் கேட்டால் ஏதோ வாட்ஸப்பில் படித்துவிட்டுக் கிறுக்குப் பிடித்த பெரியவர் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மாமி கொத்தமல்லி வாங்கப் போன கதையைத் தெரிந்துகொள்கிறவரைக்கும்.

நாங்கள் குடிவருவதற்கு முன்னால் நடந்தது அது. கீழே மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கிவிட்டு வருகிறேன் என்று போன மாமி திரும்பவே இல்லை. மத்தியானம் போல மாமாவுக்கு ஒரு போன் வந்தது. மாட்டுங்காவில் ஒரு புது டவர் கட்டடத்தின் வாட்ச்மேன் பேசினார். கையில் கொத்தமல்லிக் கட்டோடு ஒரு அம்மாள் வந்து, இங்கேதான் எங்கள் வீடு, படிக்கட்டைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார் என்றார். கல்யாணமான புதிதில் அவர்கள் வாடகைக்கு இருந்த பழைய கட்டடம் அந்த இடத்தில்தான் இருந்தது. அதை இடித்து டவர் எழுப்பி எத்தனையோ காலம் ஆகிறது. மாமி நேராக ரயிலேறி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மறதி நோய் ஆரம்பம் என்றார்கள் டாக்டர்கள். மாமா அன்றைக்கு ராத்திரியிலிருந்து படிக்க ஆரம்பித்தவர். மூளையின் செல்களை எது காப்பாற்றும் என்று தேடித் தேடி, கடைசியில் மெலடோனினில் வந்து நின்றார். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. என்னிடம் அதை ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "வீட்டை மறந்தா கூட்டிண்டு வந்துடலாம். ஆளை மறந்துட்டா எங்கே போய்க் கூட்டிண்டு வர்றது?"

அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் பண்ணுவதை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுசாக விட முடியவில்லை, அவரும் விடவில்லை.

அவர் வீட்டில் பொழுது சாய்ந்தால் ட்யூப்லைட் கிடையாது. ட்யூபைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். கூடத்தில் ஒரு சிவப்பு ஜீரோ பல்பு, அதுவும் மூலையில். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுதல் செய்யாதாம். டிவி ஏழு மணிக்கு மேல் ஓடாது. சீரியலில் மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் நிற்கிற நேரம் பார்த்து மாமா ரிமோட்டை எடுப்பார். மாமி என்னிடம் வந்து முறையிடுவார்.

"இவர் என் செல்லைக் காப்பாத்தறாராம். செல்லு பத்திரமா இருக்கு. எனக்குத்தான் பொழுது போகலை."

"நாங்க இருக்க நேரத்துல நம்ம வீட்டுக்கு வந்து பாருங்க மாமி."

"வந்தா, உன் டிவி முன்னாலயும் வந்து மூணு பாயிண்ட் சொல்லுவார்டி."

காலையில் மட்டும் மாமி சந்தோஷமாக இருப்பார். பகலில் நல்ல வெளிச்சம் பட்டால்தான் இருட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று மாமாவே தினமும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் வெயிலில் உட்காரவைப்பார். அங்கே அப்பளம் காயப்போட வருகிற மராத்திக்கார ஆயியோடு மாமிக்கு நல்ல சிநேகம். இவர் தமிழில் பேசுவார், அவள் மராத்தியில் பேசுவாள், இருவரும் கட்டடத்தில் எல்லோரையும் பற்றிப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அந்த நேரத்தில் மாமிக்கு எதுவும் மறக்காது. யார் வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பது வரைக்கும் சரியாகச் சொல்வார்.

மாமா தன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் சரி. விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் கேட் பக்கத்தில் பந்தல் போட்டார்கள். பந்தல் உச்சியில் ஒரு ஃபோகஸ் லைட். அது நேராக அவர் வீட்டு ஜன்னலில் அடித்தது. ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நானும் ஆபீஸ் கேப் வண்டிக்காகக் கீழே நின்றிருந்தேன். பந்தல் பையன்களிடம் அந்த லைட்டை அணைத்துவிடச் சொல்லி ரெண்டே நிமிஷம் கேட்டார். ஒருத்தன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான், "அங்கிள், பப்பா கோ அந்தேரே மே ரக்கேங்கே க்யா?" பிள்ளையாரை இருட்டிலா உட்காரவைப்பது என்று.

சாமி விஷயமாயிற்றே. பையிலிருந்த சாம்பிள் பொட்டலங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். பிஸ்தா தருகிறவர் பெரிய மனிதராகத்தான் இருப்பார் என்று முடிவு பண்ணி, பையன்கள் அவரை மேடைக்கு இழுத்துப்போய்விட்டார்கள். அன்றைக்குக் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி, பரிசு கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. மைக்கில் "டாக்டர் அங்கிள்" என்று அறிவித்தார்கள். மாமாவுக்கு மைக்கைப் பார்த்ததும் பரிசு மறந்துவிட்டது. அதே ஃபோகஸ் லைட் முகத்தில் அடிக்க, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, இருட்டின் நன்மைகளை லௌட்ஸ்பீக்கரில் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். பையன்கள் அடுத்த நாள் இன்னொரு ஃபோகஸ் லைட் போட்டார்கள், சிறப்பு விருந்தினர் முகம் சரியாகத் தெரியவில்லை என்று.

கறுப்புக் கண்ணாடி கதை இதைவிட நல்ல கதை. அவருக்குக் காடராக்ட் ஆபரேஷன் ஆனபோது ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். பக்கவாட்டிலும் மூடியிருக்கும். வெளியே போனால் தெருவிளக்கு, கடைவிளக்கு, ஸ்டேஷன் விளக்கு எல்லாம் கண்ணில் படுகிறதே என்று பொழுது சாய்ந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். மாட்டுங்காவுக்குக் கோவிலுக்குப் போன ஒரு நாள், குர்லாவில் வண்டி மாறும்போது, படியைத் தடவித் தடவி இறங்கிய இவரை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். பம்பாய்க்காரர்கள் உதவி செய்வதென்று இறங்கிவிட்டால் உதவி வாங்குகிறவர் சம்மதத்துக்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். அப்படியே தூக்கி, மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள்.

"மை அந்தா நஹி ஹூங்!" நான் குருடன் இல்லை என்று கத்தியிருக்கிறார்.

"அதனால என்ன காகா, இதுல வெட்கப்பட என்ன இருக்கு" என்று ஒருத்தர் முதுகைத் தட்டிக்கொடுத்திருக்கிறார்.

பெட்டிக்குள் நிஜமாகவே கண் தெரியாத ஒருவர் சீப்பும் ஹேர்பின்னும் விற்றுக்கொண்டிருந்தார். மாமா சும்மா இருப்பாரா? தான் ஏன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று அந்த ஆளிடம் ஆரம்பித்து மூன்று பாயிண்டும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் சீப்புக் கட்டைத் தோளில் மாற்றிக்கொண்டு கேட்டாராம், "சேட், அப்படின்னா என்கிட்ட அது நிறைய இருக்கணுமே. எனக்கு ஏன் இடுப்பு வலிக்குது?"

பெட்டியே சிரித்திருக்கிறது. இதை என்னிடம் வந்து சொன்னதும் அவரேதான், சொல்லும்போது சிரித்ததும் அவர்தான் அதிகம். தன்னை விட்டுக்கொடுத்துச் சிரிக்கத் தெரிந்த மனிதர். அதனால்தான் அவரிடம் எனக்கு எப்போதும் முழுக்கோபம் வந்ததில்லை.

ஒரே ஒரு நாள் வந்தது.

அன்றைக்குப் பொழுது சாய்ந்த நேரம். நான் தலைசீவி, ஐடி கார்டு மாட்டி, கேபுக்குத் தயாராக நின்றேன். கதவு தட்டுகிற சத்தம். மாமி நின்றார். காலில் செருப்பில்லை. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எங்காத்துக்குள்ள யாரோ ஒரு ஆள் வந்து ஒக்காந்துண்டிருக்கான். என் பேரைச் சொல்லிக் கூப்பிடறான். மாமாவை வேற காணோம். செத்த வந்து பாரேன்டி கொழந்தே."

நான் சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே ஜீரோ பல்பு கூட எரியவில்லை. வாசல் வெளிச்சத்தில் சாய்வு நாற்காலியில் இரண்டு கால் மட்டும் தெரிந்தது. கட்டையை ஓங்கிவிட்டேன்.

"அடிச்சுடாதே, நான்தான்" என்றார் மாமா. "நான்தான் நான்தான்னு எத்தனை நாழியாச் சொல்றேன். கேக்க மாட்டேங்கறா."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமி கிசுகிசுத்தார். "குரல் அவர் மாதிரியே இருக்கு பாரு. ஏமாத்தறான்."

சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேடினேன். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் எரியவில்லை. "என்ன மாமா இது?" என்றேன்.

"சிவப்பையும் கழட்டிட்டேன். இப்போதான் சுரக்க ஆரம்பிக்கற நேரம். இப்போப் போய் வெளிச்சம் காட்டினா அத்தனையும் வீண்."

"என்னத்தச் சுரந்து என்ன மாமா? அவங்க பயந்துபோயி நடுங்கிட்டு நிக்காங்க. இங்க பாருங்க!"

அவர் எழுந்து வந்தார். வந்த வேகத்தில் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு இழுத்தார். மாமா அப்படியே நின்றுவிட்டார். நான் மாமியை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்தேன். என் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொடுத்தார். கீழே கேப் ஹாரன் அடித்து அடித்துப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மாமியின் முகம் தெளிந்தது. "மாமா சாப்பிடற நேரமாச்சே" என்று எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல எதிர்வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாமா என்னிடம் சொன்ன விளக்கம் இதுதான். "டோஸ் போறலைன்னு நெனைக்கறேன்."

ரெப் புத்தி. மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னால், மருந்து தப்பு என்று எந்த ரெப்பும் ஒத்துக்கொண்டதில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்பான். அவரும் கூட்டினார். தடித்த திரை வந்தது. ஃப்ரிட்ஜுக்குள் எரிகிற பல்பைக் கழற்றினார். ஸ்விட்ச்போர்டில் இருக்கிற சின்னச் சிவப்புப் புள்ளிகளுக்குக் கூட பிளாஸ்திரி ஒட்டினார். மாமி அடிக்கடி எங்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் துண்டு காய்கிற ஸ்டாண்டைப் பார்த்துப் பயந்தார். ஆனால் பெரும்பாலும் அவர் பயந்தது மாமாவைப் பார்த்துத்தான். இப்போதெல்லாம் மாமா சாம்பிள் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். சட்டையை இன் பண்ணாமல் மாடிப்படி இறங்குவதைப் பார்த்தேன்.

நான்தான் சண்டை போட்டு நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனேன். என் வார லீவு நாள். ஆஸ்பத்திரியில் எனக்கும் மாமிக்கும் நாற்காலி பிடித்துவிட்டுத் திரும்பினால் மாமாவைக் காணோம். கதவு ஓரத்தில், சுவரோடு சுவராக, பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ரெப்புகள் நிற்கிற இடம். கால் தானாக அங்கே போயிருக்கிறது. வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெப் எல்லாம் வியாழக்கிழமை மத்தியானம்தான் சார்" என்றாள்.

"இல்லை" என்றார் மாமா மெதுவாக. "இன்னிக்குப் பேஷண்டோட வந்திருக்கேன்."

டாக்டர் இளம் பெண். இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினாள். மாமா ரெண்டே நிமிஷம் என்றார், அவளும் பேனாவை மூடிவிட்டு ரெண்டு நிமிஷமும் கேட்டாள். இப்படிக் கேட்கிற டாக்டர் ஒருத்தர் அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் மாமா ரீஜனல் மேனேஜராகியிருப்பார்.

"மூணுமே சரிதான் அங்கிள்" என்றாள். "மெலடோனின் செல்களைக் காப்பாத்துதுன்னு நிறைய ஆராய்ச்சி நடக்குது. ஆனா இருட்டுல வெச்சா மறதி நின்னுடும்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலை. நானும் சொல்ல மாட்டேன். அது இருக்கட்டும், ஆன்ட்டிக்குப் பயம் எந்த நேரத்துல வருது?"

"விளக்கு வெக்கற நேரத்துல."

"அப்போ வீடு எப்படி இருக்கும்?"

"கும்மிருட்டு" என்றார் மாமா, பெருமையோடு. "ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. எல்லாம் நானே பண்ணி வெச்சிருக்கேன்."

டாக்டர் மாமியைப் பார்த்தாள், மாமி அவள் கழுத்துச் சங்கிலியை ரசித்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அங்கிள், இருட்டு தூங்கறதுக்கு. முழிச்சிருக்கறவங்களுக்கு இல்லை. ஏற்கனவே தடுமாறுற மூளைக்குப் பொழுது சாயற நேரம்தான் ரொம்பக் கஷ்டம். இருட்டுல நிழலெல்லாம் ஆளாத் தெரியும், ஆளெல்லாம் நிழலாத் தெரியும். சாயங்காலம் ஆனதும் எல்லா விளக்கையும் போடுங்க. படுக்கற நேரத்துக்கு அணைச்சாப் போதும்."

மாமா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, "அப்போ நான்தான் அவளைப் பயமுறுத்தினேனா?"

"நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க அங்கிள். நேரம்தான் தப்பு."

எனக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணைப் பார்க்காமல் மாமியின் கைப்பையைத் தேவையில்லாமல் மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது மாமி வழியெல்லாம் கடைகளைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார். எங்கள் தெரு முனையில் எலக்ட்ரிக் கடை வந்ததும் மாமா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர், அவரும் சாம்பிள் வாங்கியவர்தான், ட்யூபா வேண்டும் என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "வெள்ளை லைட்டா, மஞ்சள் லைட்டா மாமா?"

வெள்ளை வெளிச்சத்தின் தீமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனிதர். "எது ரொம்பப் பளிச்சுனு எரியுமோ, அது" என்றார்.

அவர்கள் வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மாமியின் நடை வாசலிலேயே தயங்கிவிட்டது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மாமா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ட்யூபை மாட்டி, ஸ்விட்சைப் போடச் சொன்னேன். அவர் எட்டிப் போட்டார்.

கூடம் முழுக்க வெள்ளையாக ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. எனக்கே கண் கூசியது. மூலைக்கு மூலை ஒட்டடை. காலண்டரில் எப்போதோ முடிந்த மாசம். ஷோகேஸ் கண்ணாடி மேல் விரலால் கோலம் போடலாம் போல தூசி.

"ஐயே, என்ன இது, மனுஷா இருக்கற வீடா?" என்று மாமி வாசலிலிருந்து விறுவிறுவென்று உள்ளே வந்தார். சேலைத் தலைப்பால் ஷோகேஸைத் துடைத்தார். ஒட்டடையைப் பார்த்து இரண்டு பேரையும் திட்டினார். அப்படியே திரும்பியவர், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்தார். கிட்டே வந்தார். மாமா அசையாமல் நின்றார், நகர்ந்தால் எங்கே பயந்துவிடுவாளோ என்று.

"ஏன்னா" என்றார் மாமி. "நீங்க எப்போ இவ்வளவு கெழவனாப் போனேள்?"

மாமா நிமிர்ந்து ட்யூபைப் பார்த்தார்.

"இருட்டுல இருந்தோமோல்லியோ" என்றார். "தெரியலை."

மாமி கையை நீட்டி அவர் கன்னத்தைத் தடவினார். சவரம் பண்ணாத நரைமயிர். தாடையைப் பிடித்து, சந்தையில் காய் பார்ப்பது போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தலைமுடியும் போயிடுத்து, பல்லும் போயிடுத்து" என்றார். "ஆனா நீங்கதான்."

நான் ஸ்டூலிலிருந்து இறங்கப் பார்த்தேன். இறங்க முடியவில்லை, மாமா ஸ்டூலோடு என் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் மாமியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பையில இன்னொரு ட்யூப் இருக்கு. அதையும் மாட்டிடு, கேட்டயா."